சம்பங்கியின் பின்னங்கால்

"பின்னங்கால்தான். இடது பின்னங்கால்," என்றார் கிறிஸ்துராஜ், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு. "இன்னொரு தடவை அந்தப் பாறை வரைக்கும் நடக்க விடுங்க, பாப்போம்."

சிவபாண்டி கீபோர்டில் விரலை அழுத்தினார். கம்ப்யூட்டர் திரையில் சம்பங்கி என்கிற வெள்ளை நாய் நாலடி நடந்தது. நின்றது. திடீரென்று இரண்டு முழம் தள்ளிப் போய் முளைத்தது. ஒரு காலைத் தூக்கியபடியே யோசித்தது. பிறகு அந்தக் காலை மட்டும் மூன்று முறை உதறிவிட்டு மறுபடி நின்றது.

கிறிஸ்துராஜ் கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் இருப்பது நாய் இல்லை, கேமில் வருகிற படம் என்று அவருக்கு இரண்டு தடவை விளக்கியாகிவிட்டது. என்னவாக இருந்தாலும் நொண்டல் நொண்டல்தான் என்று அவர் சொல்லிவிட்டார்.

"மூட்டுல தேய்மானம்," என்று முடிவும் கட்டினார். "கால்சியம் குடுங்க."

சிவபாண்டிக்கு எரிச்சல் வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எல்லாருடைய ஓட்டும் வேண்டும். இன்று செவ்வாய்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் முப்பத்துநாலு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர் சிவபாண்டி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார நாட்டு நாய் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் பதவியில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் இந்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில். அன்றைக்கே செயலாளர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்சாமி. 'அகன்ற திரையில் நம் ராஜபாளையம் நாய் பாய்ந்தோடும் கண்கொள்ளாக் காட்சி' என்று சிவபாண்டி நோட்டீஸ் அடித்து, சோழபுரத்திலிருந்து கான்சாபுரம் வரை ஒட்டியாயிற்று. கேம் செய்த கோயம்புத்தூர் கம்பெனிக்கும் மரியாதைக்கு ஒன்று தபாலில் போட்டிருந்தார். நோட்டீஸில் நாய் பாய்ந்தது. வீட்டில் நொண்டியது.

அந்தக் கேமின் பெயர் 'அடிவாரம்'. மலையடிவாரத்தில் ஒரு வனக்காவலர், அவருக்குத் துணையாக ஒரு ராஜபாளையம் நாய். நாயோடு காட்டைச் சுற்றி வரவேண்டும். போன வருஷம் அதன் சோதனைப் பதிப்பு வந்தபோது, பால்சாமி தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுச் சங்கத்தாருக்குக் காட்டினார். நாய் அருமையாக ஓடியது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சிவபாண்டி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்கு அரையடி பக்கத்தில் போய்க் குனிந்தார்.

மூக்கு கறுப்பாக இருந்தது.

ராஜபாளையம் நாய்க்கு மூக்கு ரோஸ் நிறம். இதை அறியாதவன் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டே இறங்கக்கூடாது என்பது சிவபாண்டியின் கட்சி. முன்பு ஒரு காலண்டர் கம்பெனி வேறு ஏதோ நாயைப் போட்டு ராஜபாளையம் என்று அச்சடித்தபோது ஆறு பக்கம் எழுதினார். ஒரு பேக்கரி போர்டில் வால் தப்பாக வளைந்திருந்ததற்கு நாலு பக்கம். கேம் கம்பெனிக்கு, மூக்கில் தொடங்கி காது, கண்ணிமை, வால், ரோமம், நடை என்று தலைப்பு வாரியாகப் பதினாலு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை. ஆனால் இந்தப் பொங்கலுக்கு முழுப் பதிப்பு வந்தபோது மூக்கு பளிச்சென்று ரோஸ் நிறத்தில் இருந்தது. தன் கடிதத்தைப் பார்த்துத்தான் மாற்றினார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பால்காரரிடம்கூடச் சொன்னார்.

இதெல்லாம் சங்கத்து விஷயம். வீட்டு விஷயம் வேறு.

அவர் வளர்த்த சம்பங்கி இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனது. பதிமூன்று வயது. கடைசி மூன்று மாதம் இடது பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தது. இன்னொரு குட்டி வாங்கலாமே என்று சொன்னவர்களிடம் சிவபாண்டி பேச்சையே நிறுத்திக்கொண்டார். கேமில் நாய்க்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கட்டம் வந்தபோது ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி 'சம்பங்கி' என்று அடித்தார். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கம் போய் நின்றார். அவர் மனைவி நாகஜோதி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அந்தச் சம்பங்கியும் அதே காலை இழுத்தால் மனுஷன் எப்படித் தாங்குவார்?

கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்தவன் ஜோ. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறான், முப்பத்தைந்து வயது, தொழிலில் கெட்டி. சந்தையில் இருப்பதிலேயே பெரியதாகப் போடு என்று சிவபாண்டி சொல்லியிருந்தார். அப்படியே போட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு நிறத்தில் விளக்கு எரிந்தது. விருதுநகர் மாவட்டத்திலேயே இப்படி ஒரு மிஷின் கிடையாது என்று ஜோ சொன்னான். அது பொய்யும் இல்லை.

"அப்பொறம் ஏம்ப்பா நொண்டுது?" என்று கேட்டார் சிவபாண்டி.

ஜோவுக்கும் தெரியவில்லை. அதே கேமில் யானை வந்தது. மழைமேகம் போல வழுக்கிக்கொண்டு வந்து போனது. சிறுத்தை பாய்ந்தது. அருவி கொட்டியது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சம்பங்கி வந்து நின்றால் மட்டும் காடே திக்குவாய் பிடித்தது போல ஆகிவிட்டது.

அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாகஜோதி சொன்னாள்: "நாயைச் செத்த நேரம் வீட்டுல கட்டிப் போட்டுட்டு நீங்க மட்டும் போய்ப் பாருங்களேன். நல்லா ஓடும் போலருக்கு."

சிவபாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வை அவள் பார்த்ததில்லை.

"நாய் இல்லாம எனக்குக் காட்டுல என்ன வேலை?"

மில்லில் எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் சிவபாண்டி முதலில் சொல்வது ஒன்றுதான்: மோட்டார் பத்தலை. முப்பத்துநாலு வருஷத்தில் பாதி தடவை அது சரியாகவும் இருந்திருக்கிறது. அதையே இங்கேயும் சொன்னார். ஜோ மதுரைக்குப் போய், புதன்கிழமை மத்தியானம் திரையில் படத்தை ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை, செங்கல் நீளத்தில், கொண்டுவந்து மாட்டினான். அதன் கனத்தில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்ததால், அடியில் ஒரு மரக்கட்டையும் கொடுத்தான்.

சம்பங்கி நடந்தது. நின்றது. உதறியது.

"முந்தி மங்கலா நொண்டிச்சு அண்ணாச்சி," என்றான் ஜோ, நேர்மையாக. "இப்போ தெளிவா நொண்டுது."

அந்த நேரம் பார்த்து நாகஜோதி கிரைண்டரைப் போட்டாள். பட்டென்று ஒரு சத்தம். வீடு இருண்டது. இந்த வீடு மட்டும் இருண்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு ராக்கப்பனின் பேண்டேஜ் துணித் தறிகள் எட்டும் தடக்கென்று நின்றன. தறிச் சத்தம் நின்றபோதுதான், இத்தனை நாள் அந்தத் தெருவில் ஒரு சத்தம் இருந்ததே எல்லாருக்கும் தெரிந்தது. கரண்டு கம்பத்தில் ஃபியூஸ் போயிருந்தது.

ராக்கப்பன் பனியனில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டார். திரையைப் பார்த்தார். அது கறுப்பாக இருந்தது.

"ஒரு நாய் நடக்கதுக்கு எட்டுத் தறி நிக்கணுமா அண்ணாச்சி?"

அதில் நியாயம் இருந்தது. லைன்மேன் வந்து சரிசெய்து போனார். அதன் பிறகு சம்பங்கி நடக்கும்போது அந்த வீட்டில் கிரைண்டர், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எதுவும் ஓடக்கூடாது என்று ஏற்பாடாயிற்று. நாகஜோதி மாவை எடுத்துக்கொண்டு ராக்கப்பன் வீட்டுக்குப் போய் அரைத்தாள்.

வியாழக்கிழமை ஜோ வேறு ஒரு காரணம் கண்டுபிடித்தான். மிஷின் சூடாகிறது, சூடானால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு எதிரே டேபிள் ஃபேனை வைத்தால் சரியாகிவிடும் என்றான். சிவபாண்டிக்கும் அது பிடித்தது. ஃபேனை ஜன்னல் பக்கம் வைத்து முழு வேகத்தில் விட்டார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ராக்கப்பனின் எட்டுத் தறி. மிஷினைத் திறந்து போட்டால் பஞ்சு ஏறும் என்று முப்பத்துநாலு வருஷமாக மில்லில் எத்தனையோ பேரைத் திட்டியவர்தான் சிவபாண்டி. அவருக்கே அது தோன்றவில்லை. அன்பு வந்தால் புத்தி வெளிநடப்புச் செய்துவிடும் போலிருக்கிறது. மூன்று மணி நேரத்தில் அந்தப் பெட்டி தலையணை போல ஆகிவிட்டது. ஏழு நிற விளக்கும் பஞ்சுக்குள்ளிருந்து மங்கலாக எரிந்தது.

ஜோ வந்து அரைமணி நேரம் பஞ்சு பிடுங்கினான். நாகஜோதி இதைப் பார்த்துவிட்டு ராக்கப்பனிடம் ஒரு சுருள் பேண்டேஜ் துணி வாங்கி வந்து, காற்று போகும் பஞ்சு போகாது என்று சொல்லிப் பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவள் சொன்னது சரிதான். பஞ்சு போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த சங்கத்து உறுப்பினர்கள் எல்லாரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தணித்து, எப்போது அடிபட்டது என்று விசாரித்தார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார்.

நாய் இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய்விட்டது. பால்சாமி போனில் கூப்பிட்டு, சம்பங்கிக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று நயமாகக் கேட்டார். இப்போது தேவலை என்று சிவபாண்டி சொன்னார். சொன்ன பிறகுதான் தன் மேலேயே கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் மனம் தளர்ந்து கிறிஸ்துராஜின் வைத்தியத்துக்கே வந்து சேர்ந்தார். கேமில் நாய்க்குத் தீனி கொடுக்கிற வசதி இருந்தது. கால்சியம் இல்லை, ஆனால் எலும்பு சூப்பும் முட்டையும் இருந்தன. மணிக்கு ஒருமுறை சூப்பு, நாலு முட்டை என்று கிறிஸ்துராஜ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். சாயந்திரத்துக்குள் சம்பங்கி முப்பத்திரண்டு முட்டை சாப்பிட்டிருந்தது.

கேமை எழுதியவர்கள் யோசனையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சாப்பிட்டால் நாய் குண்டாகும். சம்பங்கி இடுப்பே தெரியாமல் திரண்டு நின்றது. முன்பு நாலடிக்கு ஒருமுறை நின்றது, இப்போது ஓரடிக்கு ஒருமுறை நின்றது.

"ஏங்க, அது நொண்டல," என்றாள் நாகஜோதி. "மூச்சு வாங்குது."

சனிக்கிழமை கிறிஸ்துராஜ் நேரிலேயே வந்து, சதை பிடித்திருக்கிறது, நல்ல அறிகுறி, குளிப்பாட்டி விட்டால் ரத்த ஓட்டம் வரும் என்றார். சிவபாண்டி சம்பங்கியை மெல்ல மெல்ல நடத்தி ஆற்றுக்குக் கூட்டிப்போனார். திரையில் இருநூறு அடி தூரம். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாய் தண்ணீரில் இறங்கியது. முங்கியது. கரையேறியது. நனைந்த நாய் எல்லாம் செய்கிற காரியத்தைச் செய்ய உடம்பைச் சிலுப்ப ஆரம்பித்தது.

பெட்டிக்குள் எல்லா ஃபேனும் ஒன்றாக அலறின. பேண்டேஜ் துணி பலூன் போல உப்பியது. ஏழு நிறமும் ஒரே சிவப்பாகி, அணைந்தது.

ஜோ தலையில் கைவைத்துக்கொண்டான். இத்தனை பெரிய மிஷின் ஒரு நாய் சிலுப்பியதற்குப் படுத்துக்கொண்டதை அவன் தொழிலில் பார்த்ததில்லை. சிவபாண்டி வழக்கம்போல மோட்டார் பத்தலை என்றார். ஜோ கடைக்குப் போய், கம்ப்யூட்டரைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர வைக்கிற குழாய்ச் சாமான் ஒன்றைத் தூக்கி வந்து மாட்டினான்.

"முதல்ல நாயைக் குளிப்பாட்டினீங்க," என்றாள் நாகஜோதி. "இப்போ மிஷினையும் குளிப்பாட்டுறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு குட்டி யானை வேன் பிடித்தார்கள். கட்டுப்போட்ட கம்ப்யூட்டரை நாகஜோதி பழைய போர்வை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் பார்த்துப் போகச் சொல்லி டிரைவரின் தோளைத் தட்டினார் சிவபாண்டி. டிரைவர் இரண்டு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கா, தனியாருக்கா என்று கேட்டார்.

மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப்பேர் நாயோடு வந்திருந்தார்கள். மேடையில் பன்னிரண்டு அடி உயரத் திரை. வருகிறவர்களுக்கு இலைத்துண்டில் பால்கோவா கொடுத்துக்கொண்டிருந்தார் பால்சாமி. அவர் பக்கத்தில் மஞ்சள் பூத்துப்போன ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மூடிப்போன ஏதோ பிரவுசிங் சென்டரிலிருந்து எடுத்தது. மேலே எழுதிய '8' என்கிற கேபின் நம்பர்கூட அழியாமல் இருந்தது.

சிவபாண்டி மேடைக்கு வருவதற்குள் பால்சாமி தன் கம்ப்யூட்டரைத் திரையில் இணைத்துவிட்டார். போன வருஷத்துச் சோதனைப் பதிப்புதான். வெள்ளை நாய் ஓடியது. பாறை தாண்டியது. ஓடை தாண்டியது. திரும்பி வந்தது. மண்டபம் கைதட்டியது. நிஜ நாய்கள் நாலைந்து குரைத்தன.

சிவபாண்டி நின்ற இடத்திலிருந்தே கையை உயர்த்தினார். "மூக்கைப் பாருங்கப்பா. கறுப்பு மூக்கு. அது எந்த ஊரு நாயோ, நம்ம நாய் இல்ல."

"ஓடுத நாய்க்கு மூக்கு கறுப்பா இருந்தா என்ன, ஊதாவா இருந்தா என்ன அண்ணாச்சி?" என்றார் பால்சாமி. "உங்க ரோஸ் மூக்கை ஓட விடுங்க, பாப்போம்."

மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் ராஜபாளையத்துக்காரர்களும் இருந்ததை சிவபாண்டி பார்த்துவிட்டார். பத்தொன்பது வருஷம் சங்கத்துக்கு உழைத்தவர்.

ஜோ கட்டுப்போட்ட பெட்டியை மேடைக்குத் தூக்கி வந்து இணைத்தான். திரையில் சம்பங்கி வந்து நின்றது.

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அவ்வளவு அழகு. ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண், மேலே வெயில் பட்டு மினுங்குகிற பால் வெள்ளை. முன் வரிசையில் இருந்த ஒரு வயசாளி தன்னையறியாமல் நாக்கைச் சுழற்றிக் கூப்பிட்டுவிட்டார். முப்பத்திரண்டு முட்டைக்குப் பிறகும் அழகுதான். சிவபாண்டி நெஞ்சுக்குள் பெயரைச் சொல்லிக்கொண்டு விரலை அழுத்தினார்.

சம்பங்கி ஓரடி வைத்தது. இடது பின்னங்காலைத் தூக்கியது.

தூக்கியது தூக்கியபடியே நின்றுவிட்டது. பன்னிரண்டு அடி உயரத்தில், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, இருநூறு பேருக்கு முன்னால், சரியாகப் பன்னிரண்டு நிமிஷம். திரைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்.

சிவபாண்டி மைக்கைப் பிடித்தார். அவர் பேச்சாளர் இல்லை. ஆனால் அன்றைக்குப் பேசினார். நாய் மேல் குற்றமில்லை என்றார். மிஷின் மேலும் குற்றமில்லை, அது மாவட்டத்திலேயே பெரியது என்றார். ஓடிக்கொண்டிருந்த நாயை எங்கோ எவரோ கெடுத்திருக்கிறார்கள். அது யாராக இருந்தாலும் நம் ஊர்ப் பெயருக்குச் செய்த துரோகம். செத்துப்போன தன் நாயைப் பற்றியும் சொன்னார், கடைசி மூன்று மாதத்தைப் பற்றி. அந்த இடத்தில் பால்சாமியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சூட்டோடு சிவபாண்டி தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, எழுதிக்கொண்டே வாசித்தார்:

"நம் ராஜபாளையம் நாயை நொண்டியாக்கிய குற்றத்துக்காக, கோடிட்ட இடத்தில் பெயர் எழுதப்படும் நபர், இச்சங்கத்தில் எந்தக் காலத்திலும் எந்தப் பொறுப்பும் வகிக்கக்கூடாது என்றும், சங்க நிகழ்ச்சிகளில் நாயோடோ நாயில்லாமலோ கலந்துகொள்ளக்கூடாது என்றும், இக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

பால்சாமி வழிமொழிந்தார். இருநூறு கைகள் உயர்ந்தன. கிறிஸ்துராஜ் இரண்டு கையையும் உயர்த்தினார். தேர்தலே தேவையில்லை, சிவபாண்டியே இருக்கட்டும் என்று இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. பால்சாமியும் தலையாட்டினார். சிவபாண்டி அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். பெயர் எழுதுகிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் மண்டப வாசலில் ஒரு பெண் தோள்பையோடு வந்து, கையில் சங்கத்து நோட்டீஸை வைத்துக்கொண்டு, செயலாளர் யார் என்று விசாரித்தாள். பெயர் எலினா. கோயம்புத்தூர் கேம் கம்பெனியில் வேலை. தபாலில் வந்த நோட்டீஸைப் பார்த்து, நிஜ நாய்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று விடிகாலை பஸ் ஏறி வந்திருக்கிறாள். திரையில் நிற்கிற அந்த நாயை வரைந்தது அவள்தான்.

அவள் கையில் பால்கோவாவைத் திணித்து மேடைக்கே கூட்டிப்போய்விட்டார்கள். சிவபாண்டிக்கு அவளைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. இத்தனை அழகாக வரைந்த கையைக் கும்பிடத்தான் தோன்றியது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும்மா," என்றார். "இம்புட்டுப் பெரிய மிஷின் வாங்கியும் இது ஏன் ஓட மாட்டேங்குது? மோட்டார் பத்தலையா?"

எலினா கட்டுப்போட்ட பெட்டியைப் பார்த்தாள். அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டாள். மிஷின் மேல் தப்பில்லை என்றாள். உலகத்தில் எந்த மிஷினைக் கொண்டுவந்தாலும் இந்த நாய் நொண்டத்தான் செய்யும் என்றாள். இத்தனை பெரிய மிஷினை வைத்துக்கொண்டும் கேம் திணறினால் கோளாறு பெரும்பாலும் கேமை எழுதிய விதத்தில்தான் இருக்கும், இது தங்கள் தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள்.

"யானை, சிறுத்தைக்கெல்லாம் தோலைப் பெயின்ட் மாதிரி பூசியிருக்கோம் சார். பழைய பதிப்புல நாய்க்கும் அப்படித்தான், அதனாலதான் அது ஓடுது. இந்த நாய்க்கு மட்டும் ஒவ்வொரு முடியும் தனித்தனி. மொத்தம் எட்டு லட்சம் முடி. இது ஓரடி எடுத்து வச்சா, எட்டு லட்சம் முடியும் எந்தப் பக்கம் சாயணும்னு மிஷின் கணக்குப் போடணும். குண்டானா முடி இன்னும் கூடும். நனைஞ்சா, அவ்வளவுதான்."

கிறிஸ்துராஜ் மெல்ல எழுந்து, வேறு ஒரு வரிசையில் போய் உட்கார்ந்தார். ஜோ பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டான். தன் தொழில் பிழைத்தது என்கிற நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது.

சிவபாண்டிக்கும் நிம்மதிதான். சம்பங்கிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. முடியைச் சரிசெய்தால் சம்பங்கி ஓடும். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த நாய்க்கு முடியை ஒண்ணொண்ணா நடணும்னு உங்க கம்பெனிக்கா தோணுச்சு?"

"இல்ல சார். ஒருத்தர் கேட்டுக்கிட்டாரு. ரொம்ப உருக்கமா எழுதியிருந்தாரு. மறுக்க மனசு வரலை."

"நம்ம ஊரு ஆளா?"

எலினா தயங்கினாள். மண்டபத்தைப் பார்த்தாள். இருநூறு பேரும் ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிவபாண்டி தீர்மானப் புத்தகத்தை முன்னால் இழுத்து, பேனாவைத் திறந்து, கோடிட்ட இடத்தின் மேல் முனையை வைத்தார்.

"பேரை மட்டும் சொல்லும்மா. எழுதிருவோம்."

எலினா தோள்பையைத் திறந்து, ஓரம் நைந்த ஒரு கடிதக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே எழுதியிருக்கீங்க சார். பதினாலாவது பக்கம், கடைசி வரி."